ஊர்ச் செய்தியும் ஓர் அமானிதம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

மதீனாவின் மேட்டுப் பகுதிக்கு அவாலீ என்று பெயர். மஸ்ஜிதுந் நபவீயிலிருந்து சில கல் தொலைவில் இருந்த அப்பகுதியில் உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள் வசித்து வந்தார்கள். அண்டை வீட்டில் அன்சாரித் தோழர் ஒருவர் இருந்தார். இருவருக்கும் அவரவர் அலுவல்கள் இருந்தமையால், நாள்தோறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவைக்குச் சென்று வர இயலவில்லை. எனவே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு நாள் உமர் (ரலி) அவர்கள் செல்வார்கள். மறுநாள் அந்த அன்சாரித் தோழர் செல்வார். சென்று வருபவர் அன்று அருளப்பெற்ற வஹீயையும், அன்றைய ஏனைய செய்திகளையும் மற்றவரிடம் கொண்டுவந்து சேர்ப்பார். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியைத் தமது ஸஹீஹ் நூலின் கல்விப் பகுதியில், முறை வைத்துக் கல்வி தேடுவதைப் பற்றிய பாடத்தில் பதிவு செய்திருக்கிறார்கள்.

மதரஸாக்களில் இந்த ஹதீஸை நாம் கல்வியின் சிறப்புக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். அது சரியானதே. ஆயினும் அதில் நாம் விரைந்து கடந்து செல்லும் ஒரு சொல் உண்டு. வஹீயோடு ஏனைய செய்திகளையும் அவர்கள் பரிமாறிக்கொண்டார்கள் என்பதே அது. ஊரில் என்ன நடக்கிறது, யார் வந்தார், எந்தப் பக்கத்திலிருந்து ஆபத்து வரக்கூடும் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருப்பதைச் சஹாபாக்கள் மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட வீண் வேலையாகக் கருதவில்லை. ஊர்ச் செய்தியை அறிவதும், அதை விசாரித்துத் தெளிவதும், அதன்படி ஊருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதும் நம் முன்னோர்களிடம் எவ்வாறு ஒரு பொறுப்பாக வளர்ந்தன என்பதையும், நம் விருத்தாசலத்தில் இன்று அப்பொறுப்பு எந்நிலையில் இருக்கிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

கதவு தட்டப்பட்ட இரவு

அந்த அன்சாரித் தோழரின் முறை வந்த நாளொன்றில், அவர் இரவு நேரத்தில் திரும்பி வந்து உமர் (ரலி) அவர்களின் கதவைப் பலமாகத் தட்டினார். அக்காலத்தில் கஸ்ஸான் நாட்டார் மதீனாவின் மீது படையெடுக்க ஆயத்தமாகிறார்கள் என்ற அச்சம் நிலவியது. எனவே, கஸ்ஸானியர் வந்துவிட்டார்களா என்றே உமர் (ரலி) முதலில் வினவினார்கள். அதைவிடப் பெரியது நடந்துவிட்டது என்றும், நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டார்கள் என்றும் அவர் கூறினார்.

உமர் (ரலி) அவர்கள் பள்ளிவாசலுக்கு வந்தபோது மக்கள் கவலையோடு அமர்ந்திருந்தார்கள்; சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். அனைவரும் ஒரே செய்தியைச் சொன்னார்கள். பலர் சொல்வதனாலேயே அதனை உறுதியென்று உமர் (ரலி) ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தங்கியிருந்த அறைக்குச் சென்று அனுமதி கேட்டார்கள். அனுமதி கிடைக்கவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டு, இறுதியில் உள்ளே சென்று நேரடியாக வினவினார்கள். இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு மாத காலம் மனைவியரிடமிருந்து விலகியிருப்பதாகச் சத்தியம் செய்திருந்தார்களே தவிர, தலாக் நிகழவில்லை. பின்னர் உமர் (ரலி) பள்ளிவாசலின் வாயிலில் நின்று உண்மையை உரத்த குரலில் அறிவித்தார்கள். இதனை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறான செய்தியைக் கொண்டுவந்த அந்த அன்சாரித் தோழர் பொய்யர் அல்லர். நல்லடியார், உமர் (ரலி) அவர்களின் நம்பிக்கைக்கு உரியவர். ஊரே பேசியதை அவர் எடுத்து வந்தார். அச்சமும் பரபரப்பும் சூழ்ந்த வேளையில் நல்லவர்களின் நாவிலும் தவறான செய்தி பயணம் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிகழ்ச்சியின் தொடர்ச்சியாகவே திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 83ஆம் வசனம் அருளப்பெற்றதாக அதே அறிவிப்பில் வருகிறது. பாதுகாப்பைப் பற்றியோ அச்சத்தைப் பற்றியோ ஒரு செய்தி வந்தவுடன் அதனைப் பரப்பிவிடுவோரை அவ்வசனம் கண்டிக்கிறது. அல்லாஹ்வின் தூதரிடமும் பொறுப்பில் உள்ளோரிடமும் அதனைக் கொண்டு சென்றிருந்தால், ஆய்ந்து உண்மை காணக்கூடியவர்கள் அதை அறிந்துகொண்டிருப்பார்கள் என்று வழிகாட்டுகிறது. சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனமும் தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியுமாறு கட்டளையிடுகிறது. விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று அதற்கான காரணத்தையும் சொல்கிறது. அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, யார் யாரிடம் கேட்டார், கேட்டவரின் நினைவாற்றல் எத்தகையது என்றெல்லாம் துருவிப் பார்த்த ஹதீஸ் கலை இந்த மண்ணில்தான் வேர்விட்டது.

ஊரார் அனைவர் மீதும் உள்ள கடமை

செய்தியை அறிவதன் நோக்கம் செயல். இஸ்லாமிய ஆட்சிகள் வளர்ந்த காலத்தில் ஊர்ப் பொதுநலனைக் கவனிப்பதற்கென்று ஹிஸ்பா என்ற துறை உருவாயிற்று. அதன் அலுவலர் முஹ்தஸிப் எனப்பட்டார். சந்தையில் அளவையும் நிறுவையும் சரியாக இருக்கின்றனவா, வழிகளை அடைத்துக் கடை விரிக்கிறார்களா, சுமை ஏற்றப்படும் கால்நடைகள் வதைக்கப்படுகின்றனவா என்பவை எல்லாம் அவருடைய கண்காணிப்பில் அடங்கின.

ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் அரசியல் சட்டங்களைப் பற்றிய தமது புகழ்பெற்ற நூலான 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் ஹிஸ்பாவுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் அவர்கள் ஆராயும் ஒரு சட்டம் நமக்கு மிகவும் தேவையானது. ஓர் ஊரின் குடிநீர் அமைப்பு பழுதடைந்தால், மதில் இடிந்தால், பள்ளிவாசல்கள் சிதைந்தால் யார் செப்பனிட வேண்டும்? பைத்துல்மாலில் பொருள் இருந்தால் அதிலிருந்து செய்ய வேண்டும். இல்லையெனில் அப்பொறுப்பு ஊரில் வசதி படைத்தோர் அனைவரையும் பொதுவாகச் சாரும், குறிப்பிட்ட ஒருவரை மட்டும் அன்று என்று அவர்கள் விளக்குகிறார்கள். ஃபர்ளு கிஃபாயா என்பதன் பொருளும் இதுவே. சிலர் செய்தால் அனைவரின் பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள் ஆவர்.

ஜனாஸாத் தொழுகையை ஃபர்ளு கிஃபாயாவுக்கு எடுத்துக்காட்டாக நாம் எப்போதும் கூறுகிறோம். ஊர்க் கிணற்றையும் அதே வரிசையில் வைத்துப் பார்த்தார்கள் நம் இமாம்கள்.

கல்லில் எழுதிய ஊர்க் கணக்கு

ஊர்க் காரியத்தைப் பகிரங்கமாக அறிவித்து நடத்தும் வழக்கம் நம் தமிழ் நிலத்திற்கும் புதிதன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவு செய்யும் விதிகள் அவற்றில் உள்ளன. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பொறுப்புகள் பிரிக்கப்பட்டிருந்தன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரிவாக முடியாது. அந்த உரிமை நிலமும் கல்வியும் உடைய குறிப்பிட்ட பிரிவினருக்கே இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் விதியை எல்லோரும் காணுமாறு கல்லில் பொறித்து வைத்த அந்தப் பண்பு போற்றத்தக்கது.

திருமுதுகுன்றம் என்று வழங்கப்பட்ட நம் விருத்தாசலத்திலும் இதன் தடங்கள் உள்ளன. பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர் செம்பியன் மாதேவி என்ற சோழ அரசி. அக்கோயிலின் கல்வெட்டுகள் கொடைகளையும் நிலங்களையும் பதிவு செய்து வைத்திருக்கின்றன. யார் கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பதை எழுதி வைப்பதன் அருமையை வக்ஃபுச் சொத்துகளை நிர்வகிக்கும் சமுதாயத்தாராகிய நாம் நன்கு உணர்வோம். ஆவணம் காணாமற்போன வக்ஃபு, சில தலைமுறைகளில் தானும் காணாமற்போகிறது.

நம் ஊருக்கு அருகே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் இந்துச் சகோதரர்கள் தம் குறைகளைத் தாளில் எழுதிப் பிராது கட்டுவது பெயர்பெற்ற வழக்கம். நம் அகீதா வேறு. நம் தேவைகளை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுகிறோம். எனினும் குறையை எழுத்தில் வைக்கும் பழக்கம் இவ்வட்டார மக்களின் இயல்பிலேயே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அந்தப் பழக்கம் நகராட்சி அலுவலகத்தின் வாயில் வரை செல்லாதது ஏன் என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

1882: இரண்டு தொடக்கங்கள்

இன்றைய நகராட்சி முறைக்கு வித்திட்டது ஆங்கிலேயர் ஆட்சிக்காலம். சென்னை மாநகராட்சி 1688லேயே அமைக்கப்பட்டுவிட்டது. ஆனால் சிறு நகரங்கள் தம் காரியங்களைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற கொள்கை தெளிவாக அறிவிக்கப்பட்டது 1882 மே மாதத்தில், வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தின் மூலமாகும். நிர்வாகம் சீர்ப்படும் என்பதற்காக மட்டும் இதனைக் கொண்டுவரவில்லை, மக்களுக்குப் பொதுக் காரியங்களில் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதே முதன்மை நோக்கம் என்று அத்தீர்மானம் விளக்கியது. அதன் விளைவாக 1884இல் சென்னை மாகாணத்திற்கான மாவட்ட நகராட்சிச் சட்டமும் தல வாரியச் சட்டமும் இயற்றப்பட்டன. 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக் கட்டடம் ரிப்பன் மாளிகை என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்திய மொழி இதழ்களின் வாயைக் கட்டிய 1878ஆம் ஆண்டின் சட்டம் நீக்கப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான்.

அதே 1882ஆம் ஆண்டின் டிசம்பரில், இலங்கையின் கண்டி நகரில் ஒரு தமிழ் முஸ்லிம் வழக்கறிஞர் 'முஸ்லிம் நேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அவர் அறிஞர் சித்தி லெப்பை (1838-1898). தமிழ் நாவல் வரலாற்றில் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படும் 'அசன்பே சரித்திரம்' அவர் 1885இல் வெளியிட்டது. சமுதாயம் உலகச் செய்தியை அறியாமலும், தன் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்காமலும் ஒதுங்கியிருந்த காலத்தில், இதழின் மூலம் அவர் அதனைத் தட்டியெழுப்பினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த உராபி பாஷாவுடன் அவருக்கு ஏற்பட்ட தொடர்பு, அவருடைய கல்விப் பணிக்கு உரம் சேர்த்தது. 1892இல் கொழும்பில் வாப்பிச்சி மரிக்கார் போன்றோரின் துணையோடு தொடங்கிய மதரஸத்துல் கைரிய்யா, பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

ஊராட்சி உரிமையும் ஊர்ச் செய்தி இதழும் ஒரே ஆண்டில் தோன்றியது தற்செயல்தான். ஆனால் அவை ஒன்றுக்கொன்று தேவையானவை. செய்தியறியாத ஊருக்கு உரிமை கிடைத்தாலும் அதனைப் பயன்படுத்தத் தெரியாது. இதற்குச் சித்தி லெப்பையின் காலத்திலேயே கடல் கடந்த மற்றொரு தமிழ் முஸ்லிம் குடியிருப்பில், சிங்கப்பூரில், சான்று கிடைக்கிறது.

சிங்கப்பூரின் ஐந்தடி நடைபாதை

தமிழகக் கடற்கரை ஊர்களிலிருந்து வணிகத்திற்காகச் சிங்கப்பூர் சென்ற முஸ்லிம்கள் அங்கே பள்ளிவாசல்களையும் கடைகளையும் நிறுவி வாழ்ந்தார்கள். அவர்களிடையே இருந்து மகுதூம் சாயபு என்பவர் 1887இல், விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி 'சிங்கைநேசன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அது 1890 வரை வெளிவந்தது. பிழைக்கச் சென்ற ஊரின் செய்தியையும் விட்டு வந்த ஊரின் செய்தியையும் தமிழில் ஒருங்கே தந்த அவ்விதழ், இன்று சிங்கப்பூரின் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

அந்த ஆண்டுகளில் சிங்கப்பூரில் நடந்த நிகழ்ச்சியொன்று நகராட்சி வரலாற்றில் பாடமாக நிற்கிறது. 1887இல் நகராட்சிச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. கடைகளின் முன்னால் மக்கள் நடப்பதற்கென விடப்பட்ட, அங்குள்ள தமிழர் அஞ்சடி என்று அழைக்கும் ஐந்தடி நடைபாதைகளில் கடைக்காரர்கள் பொருள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். அவற்றை அகற்றுமாறு நகராட்சி ஆணையாளர்கள் முனைந்தபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. நடப்பவருக்கு வழி வேண்டும் என்பது நியாயமே. பல ஆண்டுகளாக இருந்து வந்த வழக்கத்தை ஒரே நாளில் மாற்றும்போது கடைக்காரருக்கு நேரும் இடரும் உண்மையே. இரு தரப்பும் முன்கூட்டியே அமர்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு நடைபாதைச் சிக்கல் கல்வீச்சில் போய் முடிந்தது.

வழியை அடைத்துக் கடை விரிப்பதைத் தடுப்பது முஹ்தஸிபின் பணிகளுள் ஒன்று என்று மேலே கண்டோம். பாக்தாதிலும் சிங்கப்பூரிலும், இன்று நம் கடைவீதியிலும் சிக்கல் ஒன்றே. சட்டம் வருவதற்கு முன் அதனைத் தெரிந்துகொள்ளும் ஊரார் இருக்கிறார்களா என்பதில்தான் வேறுபாடு.

நம் ஊரின் நிலை

விருத்தாசலம் சிறு நகரம். ஆனால் அதன் பெயர் பல திசைகளில் ஒலிக்கிறது. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாற்புறமும் வழிகள் பிரியும் இரயில் சந்திப்பு இது. பீங்கான் தொழிலுக்கும் அதற்கான தொழில்நுட்பக் கல்விக்கும் பெயர்பெற்ற ஊர். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கு உருவாக்கிய முந்திரி, நிலக்கடலை வகைகள் வி.ஆர்.ஐ. என்று ஊரின் பெயரையே சுருக்கிச் சுமந்து செல்கின்றன. திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது நாம் கடலூரோடு சேர்ந்தோம். விருத்தாசலத்தைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது.

அதே 1993ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில்தான் அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொறுப்புகளை அதன் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அப்பட்டியலை ஒரு முஸ்லிம் குடும்பம் தன் வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவு அதில் உண்டு. ஒளூ செய்யும் நீரும் குடிக்கும் நீரும் அதில் உண்டு. சுபுஹுத் தொழுகைக்குச் செல்லும் முதியவரின் பாதைக்கு வெளிச்சம் தரும் தெருவிளக்கு அதில் உண்டு. இறைச்சிக்கூடங்களை முறைப்படுத்தல் அதில் உண்டு. இறுதியாக நாம் அடங்கப்போகும் அடக்கத்தலங்களும் அதில் உண்டு. பிறப்பு முதல் கபர் வரை நம் வாழ்க்கை நகராட்சியின் தீர்மானப் பேரேட்டைத் தொட்டுக்கொண்டே செல்கிறது.

இவ்வளவு நெருக்கமான ஒன்றை நாம் எவ்வளவு கவனிக்கிறோம்? தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடைபெற்றது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகர்மன்ற உறுப்பினரே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். நாட்டில் எங்கோ நடந்ததற்கெல்லாம் இரவு முழுதும் விவாதித்த நாம், நம் தெருவுக்கு ஓர் உறுப்பினர் இல்லை என்பதைப் பற்றி எத்தனை முறை பேசினோம் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும். தேர்தல் முடிந்த சில வாரங்களில், 2022 ஏப்ரலில், மாநிலமெங்கும் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கே 25 விழுக்காடு உயர்வு. பலருக்கு அது வரிச்சீட்டு கைக்கு வந்த பின்னரே தெரியவந்தது.

அதே ஆண்டில் ஒரு வாயிலும் திறந்தது. வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, 2022 நவம்பர் முதல் நாளான உள்ளாட்சி நாளில் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. கிராமசபையைப் போல நகரவாசியும் எழுந்து நின்று தன் தெருவின் குறையைச் சொல்லும் அவை இது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, பத்து ரூபாய்க் கட்டணத்தில் பொது அலுவலகத்தின் தகவலைக் கேட்டுப் பெறவும், முப்பது நாள்களுக்குள் பதிலை எதிர்பார்க்கவும் வழி செய்திருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டுக் காத்திருந்து நேரடியாக வினவினார்களே, அதற்கு நிகரான ஒரு கதவு இன்று எந்தக் குடிமகனுக்கும் திறந்திருக்கிறது.

ஆனால் நம் செய்தி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கைப்பேசிக் குழுக்களிலிருந்தே. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் உள்ளிட்ட பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இரண்டும் நம் வீட்டு வாசலைத் தொடும் செய்திகள். இத்தகைய வேளைகளில்தான் யாரோ பேசிய குரல் பதிவும், எந்த ஊரென்று தெரியாத காணொளியும் வேகமாகச் சுற்றுகின்றன. அவற்றை அனுப்புகிறவர்களும் பெரும்பாலும் அந்த அன்சாரித் தோழரைப் போன்ற நல்லவர்களே. சமுதாயத்தின் மீதுள்ள அக்கறையால் அனுப்புகிறார்கள். அவர்கள் தட்டும் கதவுக்குப் பின்னால், எழுந்து சென்று விசாரித்து வரும் ஒருவர் இல்லாததே நம் குறை.

இதன் இழப்பு கணக்கிட முடியாதது. பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்து பிழையாகிப் போன பிள்ளை, பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேர்வு விண்ணப்பத்தின் போது அலைகிறது. கால அவகாசம் முடிந்த பின் ஆட்சேபம் சொல்லச் சென்றவர் வெறுங்கையோடு திரும்புகிறார். மாறாக, பொய்ச் செய்தியை நம்பி அண்டை வீட்டாரைச் சந்தேகித்தவர், உண்மை தெரிந்த பின்னும் பழைய முகத்தோடு அவரைப் பார்க்க இயலாமல் போகிறது. ஹுஜுராத் சூரா எச்சரிக்கும் வருத்தம் இதுவே.

மீண்டும் முறை வைப்போம்

இதற்குப் பெரிய அமைப்போ பெரும் நிதியோ தேவையில்லை. அவாலீயில் இரண்டு அண்டை வீட்டார் செய்துகொண்ட ஏற்பாடே போதுமானது. ஒவ்வொரு மஹல்லாவிலும் நம்பிக்கைக்குரிய இருவரோ நால்வரோ முறை வைத்துக்கொள்ளட்டும். ஒருவர் இவ்வாரம் நகராட்சியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்து வரட்டும். மற்றவர் அடுத்த வாரம் வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புகளைக் கேட்டு வரட்டும். பகுதி சபை கூடும் நாளில் ஒருவராவது சென்று அமரட்டும். கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் விண்ணப்பம் எழுதவும், இணையத்தில் அரசாணையைத் தேடிப் படிக்கவும் வல்லவர்கள். அவர்களுக்கு இதனை ஒரு சேவையாக ஒப்படைக்கலாம். பெண்களுக்கும் இதில் பங்கு உண்டு. குடிநீர் எத்தனை நாளுக்கொரு முறை வருகிறது என்பதை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் யார்?

கேட்டு வந்ததை மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும். இதனைச் சொன்னவர் யார்? அவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? உரிய அலுவலகத்தில் வினவியாயிற்றா? மதரஸா மாணவர் ஒவ்வொருவரும் ஸனதைப் பற்றிக் கற்கும் பாடத்தின் எளிய வடிவமே இது. தெளிந்த பின்னர், உமர் (ரலி) வாயிலில் நின்று அறிவித்ததைப் போல, ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் பலகையில் தேதியோடு எழுதி வைக்கலாம். முன்பு பரவிய செய்தி தவறென்று தெரிந்தால் அதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.

கேட்பது நம் சமுதாயத்தின் தேவையோடு நின்றுவிடவும் கூடாது. மணிமுத்தாற்றில் கலக்கும் கழிவுநீர் மதம் பார்ப்பதில்லை. தெருமுனையில் சாக்கடை நிரம்பினால் அது பள்ளிவாசலுக்குச் செல்வோரையும் கோயிலுக்குச் செல்வோரையும் ஒன்றுபோலவே வழிமறிக்கிறது. மாவர்தீ (ரஹ்) அவர்கள் ஊரின் குடிநீரைச் செப்பனிடும் பொறுப்பைப் பேசியபோது, அந்நீரைக் குடிப்பவர் இன்னார் என்று பிரித்துப் பேசவில்லை. நம் தெருவில் வாழும் பிற சமயச் சகோதரர்களோடு சேர்ந்து ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நாளில், வதந்திக்கு நம் ஊரில் இடம் குறைந்துவிடும். சேர்ந்து மனு எழுதியவர்கள் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லப்படும் பொய்யை எளிதில் நம்ப மாட்டார்கள்.

சித்தி லெப்பையும் மகுதூம் சாயபும் அச்சுக்கோத்துத் தாளில் அடித்து வாரந்தோறும் செய்தி கொடுத்தார்கள். நம் கையில் அவர்களுக்கு இல்லாத கருவிகள் இருக்கின்றன. செய்தியை அனுப்ப ஒரு நொடி போதும். விசாரிக்கத்தான் ஒரு நாள் தேவைப்படுகிறது. அந்த ஒரு நாளை ஊருக்காகக் கொடுப்பவர் ஒரு ஃபர்ளு கிஃபாயாவை ஊரார் அனைவரின் சார்பாகவும் நிறைவேற்றுகிறார்.

வல்ல அல்லாஹ், கேட்டதை விசாரிக்கும் பொறுமையையும், அறிந்ததை உள்ளவாறு எடுத்துரைக்கும் நேர்மையையும், நம் ஊருக்கும் ஊரார் அனைவருக்கும் பயன்படும் பேற்றையும் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.